யாழினியின் இரண்டாவது காது

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தைவானில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் சோயாப் பாலும் எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிதம்பரத்து எண்.

“மாமா, நான் யாழினி பேசறேன். அம்மாவுக்குத் தெரியாம பேசறேன். ஸ்கூல் லீவு விட்டாச்சி. நீங்க வந்து எனக்குக் காது குத்த வெக்கறீங்களா, இல்ல நான் பார்லருக்குப் போயி துப்பாக்கி வெச்சி சுட்டுக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

யாழினி என் அக்கா மகள். பதினொரு வயது. மிரட்டுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த கலை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். யாழினிக்கு இரண்டு வயதானபோது நாள் குறித்து, பத்திரிகை அடித்து, பந்தலும் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் தாய்மாமன் மடி தைவானில் சம்மணம் போட்டுக்கொண்டிருந்தது. தியான மண்டபத்தில் பத்து நாள் மௌனப் பயிற்சி. “ஒரு காது குத்தறதுக்கு நான் எதுக்குக்கா? நான் இங்க பற்றை விடப் பழகிட்டு இருக்கேன்” என்று அக்காவிடம் போனில் சொன்னேன். அக்கா “சரி” என்றாள்.

அந்தச் சரிக்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளை வேறு யார் மடியிலும் உட்கார வைக்கவும் இல்லை. நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போனேன். ஒன்று அப்பா சாவு, இன்னொன்று அம்மா சாவு. இரண்டும் காது குத்துகிற சமயம் இல்லை. யாழினி ஒட்டுக் கம்மலோடு வளர்ந்தாள். வெயில் காலத்தில் அது வியர்வையில் கழன்று விழும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூளிக்காது என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் அந்த போனில் அவளே சொன்னாள், அழாமல் சொன்னாள். நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். “வர்றேன்” என்றேன்.

தியானம் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன். நான் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அதன் பின்பக்கத் தெருவில் தாவோ மார்க்கத்துத் தியான வகுப்பு ஒன்று நடக்கிறது. தாவோ என்றால் வழி. அந்த வழிக்காரர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான். ஒரு காரியத்தை வருஷக்கணக்காகச் செய்துகொண்டே இரு. ஒரு கட்டத்தில் செய்கிற ஆள் கழன்றுகொள்வான், காரியம் தன்பாட்டுக்கு நடக்கும். முயற்சி தெரியாது, யோசனை குறுக்கே வராது. கேட்க எளிதாக இருக்கிறதே என்று நானும் பதினொரு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் உட்காருகிறேன். ஒரு மணி நேரம் அசைய மாட்டேன். கொசு கடித்தாலும் அசைய மாட்டேன். வகுப்பு நடத்துகிற லின் என் வயதுக்காரி, சோயாப் பால் கடையும் அவளுடையதுதான். அவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். “ஆமாம், நீ நன்றாக உட்காருகிறாய். அது இந்தத் தெருவுக்கே தெரிகிறது” என்றாள். பாராட்டு என்று நினைத்துப் பல நாள் சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடலூருக்கு வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காது குத்து என்று அக்கா வீட்டுக்காரர் போனில் நாள் சொல்லியிருந்தார். விசேஷம் சிதம்பரத்தில், அக்கா வீட்டில். ஆனால் தாய்மாமன் சீர் பிறந்த ஊரிலிருந்துதான் போக வேண்டும். பிறந்த வீட்டை விற்றாகிவிட்டது, ஊர் மிச்சமிருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு, பட்டுப் பாவாடை, வளையல், வெற்றிலை பாக்கு, பழவகை, ஒரு சின்னப் பலாப்பழம் என்று வாங்கி அடுக்கினேன். தைவானில் ஒரு கடைக்குள் நுழைந்தால் வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசாமலே காரியம் முடிந்துவிடும். இங்கே வளையல் வாங்குவதற்குள், யாருக்கு, என்ன வயது, இத்தனை வருஷம் ஏன் குத்தவில்லை என்று கடைக்காரம்மா முழுக்கதையையும் கறந்துவிட்டார். கடைசியில் வளையலைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, “இவ்ளோ நாளு வராம இருந்தியாப்பா நீ?” என்றார். வளையலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சாயங்காலம் முதுநகரில் ஒரு பரோட்டா கடை. கல்லுக்கு முன்னால் நின்றவர் ஜபார் பாய். ஐம்பது வயது இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு துபாயில் இருக்கிற மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். கண் சுவரில் இருந்த டிவியில் கிரிக்கெட் பார்த்தது. கை மட்டும் மாவை எடுத்து, அடித்து, வீசி, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்கு விரித்து, சுருட்டி வைத்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பதினொரு வருஷமாக நான் தேடுகிற ஆள் எண்ணெய்ப் பனியனோடு என் முன்னால் நிற்கிறார்.

சும்மா இருந்திருக்கலாம். எழுந்து கிட்டே போனேன்.

“பாய், வீசறத எப்ப நிறுத்தணும்னு கைக்கு எப்படித் தெரியுது?”

“எத தம்பி?”

“மாவ. இன்னும் கொஞ்சம் வீசினா கிழிஞ்சிடும்ல. அந்த எல்லை எப்படித் தெரியுது உங்களுக்கு?”

ஜபார் பாய் போனை வைத்தார். டிவியை மறந்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு உருண்டையை எடுத்து, கவனமாக, மிகவும் கவனமாக வீசினார். கிழிந்தது. அடுத்தது கிழிந்தது. மூன்றாவது கிழிந்து பாதி கல்லிலும் பாதி அடுப்படியிலும் விழுந்தது.

“யா அல்லா! என்னா தம்பி கேட்டுத் தொலச்ச? இருவத்திரெண்டு வருஷமா இந்தக் கை இப்பிடிப் பண்ணதில்லயே!”

பார்சலுக்கு நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழிந்ததையெல்லாம் கொத்துப் பரோட்டாவில்தான் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றைக்குக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொத்துதான் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் பங்கைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்த் தியானத்தில் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்களுக்கு நம் உட்காருகிற அழகையும் காட்டலாமே என்ற ஆசை. பத்து நிமிஷத்தில் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

“சார். சார். இது ஏதாவது போராட்டமா?”

“இல்லீங்க.”

“தனியா ஒக்காந்திருக்கீங்களேன்னு கேட்டேன். கெமிக்கல் கம்பெனிய எதுத்துன்னா நானும் ஒக்காருவேன்.”

நடைப்பயிற்சிக்கு வந்த இன்னொருவர், “அவருக்கு ஒடம்பு முடியலப்பா, மூஞ்சியப் பாரு” என்றார். ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முகத்தில் தெளித்தே விட்டார். கொசுவுக்கு அசையாதவன் அந்தத் தண்ணீருக்குத் துள்ளி எழுந்தேன். தைவான் பூங்காவில் நான் தலைகீழாக நின்றாலும் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அங்கே எனக்குக் கிடைப்பது அமைதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதில் பாதி, என்னை யாருக்கும் தெரியாது என்பதுதான்.

பத்து மணிக்குச் சிதம்பரம் பஸ். தனியார் பஸ்ஸின் வேகத்தைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடமில்லை. சீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பலாப்பழத்தை சீட்டில் இருந்த ஒரு மீன்காரம்மா மடியில் கொடுத்துவிட்டு நின்றேன். நிற்பதற்கும் எங்கள் வகுப்பில் பயிற்சி உண்டு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைத் தரையில் வேர் விடுகிறாற்போல் வைத்து, எதையும் பிடிக்காமல் நிற்பது. நானும் வேர் விட்டேன். பழைய பாலம் தாண்டி ஒரு திருப்பத்தில் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

குடிகாடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விஷயம் நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மீன்காரம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். காலேஜ் பெண்கள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தூக்கம் கலையாமலே, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடினார். பிறகுதான் அங்கே இருக்கிற ரசாயனக் கம்பெனிகளின் வாடை உள்ளே வந்தது. ஊருக்குப் புதியவன்போல நான் ஒருவன் மட்டும் அதை முழுசாக வாங்கி இருமினேன். செம்மங்குப்பம் தாண்டியதும் பெரியவர் கை தானாகத் துண்டை இறக்கியது. தூக்கத்திலேயே வேலை செய்கிற பழக்கம். முதலில் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷம் அதை முகர்ந்தால் தூங்குகிற கைக்கு இடம் தெரியும் என்று யோசித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கண்டக்டர் மட்டும் இந்தக் களேபரம் எதிலும் படாமல் நடுவில் நின்றார். மேல் கம்பியைப் பிடிக்கவில்லை, எதிலும் சாயவில்லை. ஒரு கையில் டிக்கெட், விரல் இடுக்கில் மடித்த நோட்டுகள், வாயில் விசில். பஸ் இடது பக்கம் சாய்ந்தால் அவர் அதற்கு அரை நொடி முன்பே வலது பக்கம் சாய்ந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கு அரித்தது. ஜபார் பாயை நினைத்து ஆலப்பாக்கம் வரை அடக்கினேன். புதுச்சத்திரத்தில் அடக்க முடியவில்லை.

“பதினேழு வருஷமா நிக்கறேன் சார். எப்பிடி நிக்கறேனா?” கண்டக்டருக்குச் சந்தோஷம். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “அது வந்து, காலு ரெண்டயும்…” என்று தன் காலைக் குனிந்து பார்த்தார். இடது காலைக் கொஞ்சம் நகர்த்தினார். திரும்பப் பழைய இடத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு மாட்டுக்கு பிரேக் போட்டார்.

கண்டக்டர் நேராகப் போய்ப் பலாப்பழத்தின் மேல் கையை ஊன்றினார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

“ஏன் சார், ஒனக்கு வேற வேல இல்லயா?” என்றார் மீன்காரம்மா. கண்டக்டர் உள்ளங்கையை ஊதிக்கொண்டே, சிதம்பரம் வரைக்கும் நான் யாரிடமும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது பார்த்தேன். அவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனசு கஷ்டமாகிவிட்டது.

அக்கா வாசலில் நின்றாள். “வாங்க” என்றாள்.

எனக்கு டவுசர் மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனவள். என் முதுகில் அவள் கை பதியாத இடம் கிடையாது. அவள் என்னை “வாங்க, ஒக்காருங்க, காபி சாப்புடுங்க” என்றாள். அடித்திருந்தால் தேவலை. தட்டில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வைத்தாள். தைவானில் இருக்கும்போது நான் கனவு காண்கிற சாப்பாடு அது. இன்னொரு இட்லி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். ஊமை நாடகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன். என்னை மாடிக்கு அழைத்துப் போனார். நான் பரோட்டா கதையையும் பஸ் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் அவர் முகம் மாறிவிட்டது.

“மச்சான், நாளைக்குக் காது குத்த ஆசாரி வருவாரு. அவர ஒண்ணும் கேட்டுடாத. கால்ல வேணும்னாலும் வுழுவறேன். ஒங்கக்கா ஒம்போது வருஷமா இதுக்காகக் காத்துகிட்டிருக்கா.”

“சேச்சே, கேப்பேனா மாமா?”

“என்னயும் கேக்காத. திங்கக்கெழம ரெண்டு மோட்டாரு கட்டியாவணும்.”

அங்கிருந்து கோயில் கோபுரம் தெரிந்தது. இத்தனை காலமாக ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருக்கிறாரே, அதுதான் மாமா முயற்சியே இல்லாத… என்று ஆரம்பித்தேன். மாமா என் வாயைப் பொத்தினார். “அவரயும் ஏதாவது கேட்டு வெக்காத மச்சான். பாதி ஆட்டத்துல நின்னுடப் போறாரு.”

யாழினி ஒரு நோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நிபந்தனைகள் எழுதியிருந்தாள். மொட்டை கிடையாது. மடியில் ஐந்து நிமிஷம்தான். போட்டோ எடுக்கலாம், ஆனால் ஸ்டேட்டஸில் போடக் கூடாது.

“வலிக்குமா மாமா?”

“மூச்சைத் தொப்புளுக்குக் கீழ கொண்டுபோயி அங்கயே வெச்சிக்கோ. வலி தெரியாது.”

“அங்கல்லாம் மூச்சு போவாது மாமா. நாங்க சயின்ஸ்ல படிச்சிட்டோம்.”

அவள் நிபந்தனைகள் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்குள் இரண்டு காதும் குத்தியாக வேண்டும், அதற்குமேல் நேரம் சரியில்லை என்று அக்கா விடிந்ததிலிருந்து எல்லோரிடமும் சொன்னாள், என்னைத் தவிர. கூடத்தில் உறவுக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தேன். மாலை போட்டார்கள். மணையில் சம்மணம் போட்டேன். உட்காருவதற்கு என்னைவிடத் தகுதியான தாய்மாமன் கடலூர் ஜில்லாவில் கிடையாது என்ற தெம்பு. பட்டுப் பாவாடையோடு யாழினி வந்து மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு வந்திருந்தால் பூப்போல இருந்திருப்பாள். இப்போது என் தொடை எலும்பு இரண்டும் எனக்குத் தெரிந்தன. அவள் கை சில்லென்று இருந்தது. வீராப்பெல்லாம் நோட்டோடு சரி. என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி கணேசன் என் வயதுக்காரர், சட்டைப்பையில் இரண்டு பேனா. சின்ன டப்பாவைத் திறந்து, நுனியைக் கூராக்கிய தங்கக் கம்பியை எண்ணெயில் தொட்டு எடுத்தார். இரண்டு காது மடலிலும் குங்குமத்தால் புள்ளி வைத்தார்.

“எத்தினியாவது பாப்பா?”

“ஆறாவது போறேன்.”

“கணக்கு யாரு எடுக்கறா? டீச்சரா, சாரா?”

“சாரு. அவுரு எப்பவும் எங்கிட்டயே வந்து கேப்பாரு. ஹோம்வொர்க்கு ஜாஸ்தி வேற. ஒருநாளு பாருங்க…” யாழினி கணக்கு சாரைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்தாள். பிறகு, “எப்ப குத்துவீங்க?” என்றாள்.

“ஒண்ணு ஆச்சிம்மா.”

கூடமே சிரித்தது. யாழினி காதைத் தொடப் போனாள், ஆசாரி கையைத் தட்டிவிட்டார். நான் அத்தனை கிட்டத்தில் உட்கார்ந்திருந்தும் எப்போது குத்தினார் என்று பார்க்கவில்லை. அவர் கண் அவள் கண்ணில்தான் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தது. மாமா எதிரில் நின்று கண்ணை உருட்டினார், தலையை ஆட்டினார், உதட்டில் விரலை வைத்தார். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் வாய் திறந்தது. பதினொரு வருஷப் பயிற்சியில் என்னைக் கேட்காமல் தானாக இயங்கப் பழகிய உறுப்பு அது ஒன்றுதான்.

“பாக்காமலே எப்படிங்க குத்தினீங்க?”

மாமா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

“நானா? பாக்கலியா?” ஆசாரி யோசித்தார். “பாத்துதான் குத்தியிருப்பேன். இல்லியே… மொதல்ல கட்டவெரலால மடலப் புடிப்பேன்… இல்ல, ஆள்காட்டி வெரலா?” அடுத்த கம்பியை எடுத்தார். இரண்டாவது காதைப் பிடித்தார். புள்ளியைக் கூர்ந்து பார்த்தார். கம்பி புள்ளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது. எடுத்துவிட்டுத் துண்டால் விரலைத் துடைத்தார். மறுபடியும் கொண்டுபோனார். கை பாதியிலேயே திரும்பியது. யாழினி அதைப் பார்த்துவிட்டாள். என் கட்டைவிரல் நசுங்கியது.

“ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றார் ஆசாரி. நெற்றி முழுக்க வியர்வை. “இப்பிடி ஆனதே இல்லீங்க எனக்கு.”

மணி எட்டே முக்கால். ஒரு காதில் தங்கம், ஒரு காதில் குங்குமம். பார்லரில் துப்பாக்கி வைத்து அடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேறு ஆசாரியைக் கூப்பிடலாம் என்று இன்னொருவர். “மாமா, ஒரு காதோடவே ஸ்கூலுக்குப் போவணுமா?” என்று யாழினி என் காதில் கேட்டாள். இந்த முறை அவள் குரல் உடைந்திருந்தது. வேதனையாக இருந்தது எனக்கு. அப்போதும் இப்போதும் அந்தப் பிள்ளையின் காதுக்குக் குறுக்கே நின்றது நான்தான். போன தடவை வராமல் கெடுத்தேன், இந்தத் தடவை வந்து கெடுத்தேன்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

“ஏன்டா டேய், அந்த வாய வெச்சிகிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா நீ?”

ஆசாரி சொம்பும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

“ஒம்போது வருஷம்டா! பத்திரிகை அடிச்சி, பந்தலப் போட்டு, ஊருசனத்தக் கூப்ட்டு வெச்சிட்டு, தோ இதே மணையப் போட்டு ஒக்காந்திருந்தேன். நீ என்னா சொன்ன? ஒரு காது குத்தறதுக்கு நான் எதுக்குன்னு சொன்னியாடா இல்லியா?”

“சொன்னேன்க்கா.”

“வந்தவங்களுக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்? தம்பி கண்ண மூடிகிட்டு ஒக்காந்திருக்கான்னு சொல்லவா?”

“அதான பாருங்க” என்றார் ஆசாரி. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, யாழினி பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அக்கா முகத்தையே பார்த்தார். அவருக்குக் கதை பிடித்துவிட்டது.

“பத்து நாளு பேசக் கூடாதாம் ஆசாரி, அதுக்குப் பேரு பயிற்சியாம்! பேசாம இருக்கணும்னா இங்க வந்து பேசாம இருந்திருக்கலாமில்ல? ஒன் மடியத்தானடா கேட்டேன், வாயையா கேட்டேன்?”

“நல்லா கேளுங்கம்மா. தாய்மாமன் இல்லாம எப்பிடிங்க? எங்க வீட்டுலயும் இப்பிடித்தான், என் மச்சான் ஒருத்தன் இருக்கான்…”

“அம்மா சாவுறப்ப கூட என்னா சொல்லிச்சி தெரியுமாடா? புள்ளைக்குக் காது குத்திட்டியாடின்னு கேட்டுச்சி. குத்திட்டேன்மான்னு பொய் சொல்லி அனுப்பி வெச்சேன்டா!”

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. என் கண் நிறைந்துவிட்டது.

“தப்புதான்க்கா.”

“தப்புன்னு இப்பத்தான் தெரியுதா? இத்தக் கண்டுபுடிக்கத்தான் அங்க தெனமும் ஒக்காந்தியா?”

“அதச் சொல்லுங்க” என்றார் ஆசாரி.

“அம்மா” என்றாள் யாழினி.

“நீ சும்மா இருடி. இவன்…”

“அம்மா, குத்தியாச்சும்மா. ரெண்டாவதும் குத்தியாச்சி.”

எல்லோரும் பார்த்தோம். ஆசாரியும் பார்த்தார். அவருடைய விரல்கள் கம்பியின் நுனியை வளைத்துச் சுற்றி முடித்திருந்தன. புள்ளிக்கு நடுவில், மயிரிழை பிசகாமல். மணி ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருந்தது. மாமா மாடிப் படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசாரி தன் விரலைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அவரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

நான் பார்த்த அத்தனை பேரிலும் பெரிய கை அக்காதான். தயாரிப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஒரு வார்த்தை தேடவில்லை. ஒன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்தபோது அவள் அங்கே இல்லை, திட்டு மட்டும்தான் இருந்தது. அத்தனை பேர் நடுவில் மாலையும் கழுத்துமாக அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது, அதோடு உள்ளே எதுவோ இறங்கி லேசாகவும் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. மாமாவும் ஆசாரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். யாழினி ஓடிப்போய் அவள் அப்பா போனில் இரண்டு காதையும் படம் எடுத்து, அவளே ஸ்டேட்டஸில் போட்டாள்.

பந்தியில் அக்கா பாயசம் ஊற்றிக்கொண்டே ஒன்பது வருஷத் திட்டில் முதல் வருஷத்தை முடித்தாள். திங்கட்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே இரண்டாவது வருஷத்துக்கு வந்தாள். நான் முறத்தில் மிளகாய் கிள்ளிக்கொண்டு கேட்டேன். நடுநடுவே “டேய், அந்தக் காம்பச் சரியா எடு” என்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வியாழக்கிழமை எனக்கு விமானம். புதன்கிழமை காலையில் மூன்றாவது வருஷம்தான் முடிந்திருந்தது. தொழிற்சாலைக்குப் போன் பண்ணி லீவை நீட்டித்து, டிக்கெட்டையும் மாற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தேன்.

“எதுக்குடா மாத்தின?” என்றாள் அக்கா.

“நீ இன்னும் முடிக்கலியேக்கா.”

அக்கா திரும்பவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கத்தி நகர்ந்தது. நாலாவது வருஷத்தை ஆரம்பித்தாள்.